கார் இன்சூரன்ஸ் கம்பெனி மாற்றும்போது நோ கிளெய்ம் போனஸைக் காட்டுவது எப்படி? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் வண்டி இன்சூரன்ஸ் தாள்களைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் எங்கே சுற்றினாலும் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள்: வேறு கம்பெனிக்குப் போனால், இத்தனை வருஷம் கிளெய்ம் வாங்காமல் சேர்ந்த தள்ளுபடி என்ன ஆகும்? அதை யாரிடம், எதை வைத்துக் காட்டுவது? அந்தக் கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் கீழே.

நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு கிடைக்கும்? மொத்த பிரீமியத்திலும் கழியுமா?

ஒரு பாலிசி வருஷம் முழுக்கக் கிளெய்ம் இல்லாமல் போனால் அடுத்த வருஷம் 20 சதவீதம். தொடர்ந்து இரண்டு வருஷம் என்றால் 25, மூன்று என்றால் 35, நான்கு 45, ஐந்து 50. அதற்கு மேல் ஏறாது. 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற கட்டண விதித்தொகுப்பில் இருக்கிற கணக்கு இது. பிரீமியம் எவ்வளவு என்பதைக் கம்பெனிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று 2007-இல் ஆன பிறகும் இதுதான் நடைமுறை.

மொத்தத்திலும் கழியாது. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி, அதாவது பாலிசியில் 'ஓடி' என்று போட்டிருக்கும் தொகையில் மட்டும்தான் கழியும். தேர்டு பார்ட்டி கட்டணம், அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான பகுதி, அரசு வைத்தது. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு 2022 ஜூனில் வைத்தது 3,416 ரூபாய். நீங்கள் எத்தனை வருஷம் உரசாமல் ஓட்டியிருந்தாலும் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஓடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 சதவீதம் என்றால் 2,800 குறையும். அந்த 2,800-க்குக் கட்ட வேண்டியிருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து மிச்சம். ஆக 3,304 ரூபாய்.

கம்பெனியை மாற்றினால் போனஸ் போய்விடுமா?

போகாது. போனஸ் உங்கள் பெயரில் சேர்கிறது. கம்பெனிக்கோ ஏஜென்டுக்கோ அதில் பாத்தியதை கிடையாது. "எங்களை விட்டுப் போனால் போனஸ் கிடைக்காது" என்று யாராவது சொன்னால், அவர் உங்களை இழக்க விரும்பவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனியின் சம்மதமும் தேவையில்லை. பாலிசி முடிகிற தேதிக்கு முன்னால் புதிய இடத்தில் எடுத்துவிட்டால் போதும்.

நடு வருஷத்தில் மாற்ற வேண்டாம். முழு வருஷம் ஓடினால்தான் அந்த வருஷத்துப் போனஸ் சேரும்.

எந்தத் தாளைக் காட்ட வேண்டும்?

மூன்றில் ஒன்று போதும்.

முதலாவது, பழைய கம்பெனி அனுப்பும் ரினீவல் நோட்டீஸ். அடுத்த வருஷத்துக்கு உங்களுக்கு எத்தனை சதவீதம் என்று அதிலேயே அச்சாகியிருக்கும். வேறு கம்பெனிக்குத்தானே போகிறோம் என்று பலர் இதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். வேறு கம்பெனிக்குப் போகிறவருக்குத்தான் இது வேண்டும்.

இரண்டாவது, பழைய கம்பெனியிடம் கேட்டு வாங்கும் கடிதம். பாலிசி எண், வண்டி எண், காலம், கிளெய்ம் இருந்ததா இல்லையா, போனஸ் எத்தனை சதவீதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கிளைக்கு நேரில் போய்க் கேட்கலாம். மின்னஞ்சலில் கேட்பது இன்னும் நல்லது, கேட்ட தேதி பதிவில் நிற்கும்.

மூன்றாவது, இவை இரண்டும் கையில் இல்லையென்றால், பழைய பாலிசியின் நகலும் உங்கள் உறுதிமொழியும். பெரும்பாலானோருக்கு இப்படித்தான் நடக்கிறது. ஆன்லைனில் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்கிறதே, அது இந்த உறுதிமொழிதான். அதன் சாரம்: நான் கேட்கும் போனஸ் சரியானது, முடிகிற பாலிசியில் கிளெய்ம் எதுவும் எழவில்லை, இது பொய் என்று தெரிந்தால் என் வண்டிச் சேதத்துக்கான பலன்கள் எல்லாம் பறிபோகச் சம்மதம். படிக்காமல் டிக் போடுகிற இடம் இது என்பதுதான் வேடிக்கை.

உறுதிமொழியின் பேரில் போனஸ் கொடுத்த புதிய கம்பெனி, 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பழைய கம்பெனி பதில் தர வேண்டும். டாரிஃப் விதியில் உள்ளது இது.

ஃபாரத்தில் எந்த சதவீதத்தை எழுதுவது? பாலிசியில் 25 என்று இருக்கிறது, ரினீவல் நோட்டீஸில் 35 என்று இருக்கிறது.

வருகிற குழப்பத்தில் பாதி இங்கேதான்.

இரண்டு எண்ணும் சரி. பாலிசியில் அச்சாகியிருக்கும் 25, போன வருஷம் பாலிசி எடுத்தபோது உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி. அதற்குப் பின் ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓடிவிட்டது. அதனால் இந்த வருஷம் எடுக்கப்போகும் பாலிசிக்கு 35. நோட்டீஸில் இருப்பது அது.

இப்போது புதிய கம்பெனியின் ஃபாரத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். "முந்தைய பாலிசியில் இருந்த என்சிபி" (நோ கிளெய்ம் போனஸின் சுருக்கம்) என்று கேட்டிருந்தால் 25 என்று எழுத வேண்டும். "கிளெய்ம் இருந்ததா?" என்பதற்கு "இல்லை" என்று கொடுத்தவுடன் கம்ப்யூட்டர் தானே ஒரு படி ஏற்றி 35 ஆக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் நீங்கள் 35 என்று போட்டால் அது 45 ஆகிவிடும். பிரீமியம் குறைகிறதே என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு உரிமையில்லாத பத்து சதவீதத்தை வாங்கியிருக்கிறீர்கள். ஏமாற்ற நினைத்துச் செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"இப்போது தகுதியுள்ள என்சிபி" என்று கேட்டிருந்தால் 35.

பணம் கட்டும் முன், திரையில் வரும் பிரீமியக் கணக்கில் கழித்திருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். ரினீவல் நோட்டீஸில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். புது கார் வாங்கி முதல் வருஷப் பாலிசி முடிகிறவர்களுக்குப் பழைய பாலிசியில் பூஜ்யம் என்று இருக்கும், இப்போது 20 வரும். போன வருஷம் கிளெய்ம் வாங்கியிருந்தாலோ, கிளெய்ம் இன்னும் முடியாமல் நிலுவையில் இருந்தாலோ, பழைய பாலிசியில் 50 என்றே இருந்தாலும் இப்போது பூஜ்யம்தான்.

"போன வருஷத்துக் கிளெய்மைச் சொல்லாதீங்க அண்ணே, ஐம்பது போட்டுத் தர்றேன்" என்று ஏஜென்ட் சொல்கிறார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாமே?

வேண்டாம். ஏஜென்டுக்கு உங்கள் பாலிசி கைக்கு வந்தால் கமிஷன். பொய்யான உறுதிமொழியில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து.

இது எப்போது வெளிப்படும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பாலிசி எடுத்த அன்று யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தாளும் வந்துவிடும். திருமயம் தாண்டி திருச்சி ரோட்டில் எங்கேயோ ஒரு லாரி பின்னால் இடித்து, வண்டி கராஜுக்குப் போய், மூன்று லட்சம் எஸ்டிமேட் வந்த பிறகுதான் ஃபைலை எடுப்பார்கள். முதலில் போகும் கேள்வி பழைய கம்பெனிக்கு: இவருக்குக் கிளெய்ம் இருந்ததா? கம்பெனிகளின் பாலிசி, கிளெய்ம் விவரங்களைத் திரட்டி வைக்க இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ என்ற அமைப்பும் இருக்கிறது. ஆகவே மறைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

நீங்கள் இடித்த ஆளுக்குக் கிடைக்க வேண்டிய தேர்டு பார்ட்டி இழப்பீடு இந்த உறுதிமொழியால் பாதிக்காது. பறிபோவது உங்கள் வண்டிச் செலவு. நாலாயிரம் மிச்சம் பிடிக்கப்போய் மூன்று லட்சத்தைக் கையிலிருந்து போடும் வியாபாரம் இது. கணக்கு வழக்குக்குப் பேர்போன ஊரில் இதை நான் விளக்க வேண்டியிருப்பது எனக்கே ஆச்சரியம்தான்.

புதிய கம்பெனி 21 நாளில் விசாரிக்கத் தவறியது என்பதை வைத்து நுகர்வோர் மன்றத்தில் வாதாட முடியும்தான். ஆனால் அதை நம்பிப் பொய் சொல்லி வைப்பது வேறு விஷயம்.

பாலிசி எடுத்த பிறகுதான் சதவீதம் தப்பு என்று தெரிந்தது. என்ன செய்வது?

உடனே புதிய கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, வித்தியாசத் தொகையைக் கட்டி, திருத்தத்தை எண்டார்ஸ்மென்டாக, அதாவது பாலிசியோடு சேரும் திருத்தத் தாளாகப் போட்டு வாங்குங்கள். இதை விபத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் எழுதினால் அதற்கு மதிப்பில்லை. ரசீதும் எண்டார்ஸ்மென்ட் தாளும் வரும் வரை விடாதீர்கள், "சரி பண்ணிட்டோம் சார்" என்ற போன் பேச்சு போதாது.

என் இனிஷியல் பாலிசிக்குப் பாலிசி மாறியிருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

வரலாம். நம் பக்கத்தில் இது லேசான விஷயம் இல்லை. பெயருக்கு முன்னால் தகப்பனார் எழுத்து, ஐயா (தாத்தா) எழுத்து, அதற்கும் முன்னால் குடும்ப விலாசம் என்று இரண்டு மூன்று வரிசையாக நிற்கும். 'பழ.மெய்.' என்பது ஆர்.சி.யில் 'பி.எல்.எம்.' என்று இருக்கும், ஆதாரில் தகப்பனார் முழுப் பெயர் பின்னால் போயிருக்கும், பாலிசி போட்ட பையன் 'பி' மட்டும் அடித்திருப்பான். ஊரில் ஒரே பெயரில் நாலு பங்காளி இருப்பார்கள், எழுத்தை வைத்துத்தான் ஆளையே பிரிக்கிறோம். கம்ப்யூட்டருக்கு அந்த நியாயம் தெரியாது. அதற்கு எழுத்து மாறினால் ஆள் வேறு.

போனஸ் உங்கள் பெயரோடு போவதால், பழைய பாலிசிப் பெயரும் புதிய பாலிசிப் பெயரும் ஒரே ஆள் என்று காட்ட முடிய வேண்டும். ஆர்.சி.யில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து பிசகாமல் புதிய பாலிசியில் போடச் சொல்லுங்கள். பழைய பாலிசியில் தப்பாக இருந்தால், அது முடிவதற்கு முன்பே அந்தக் கம்பெனியிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். முடிந்த பாலிசியில் திருத்தம் கேட்டு அலைவது கஷ்டம். வண்டி எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெயரில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் சேஸிஸ் எண் சரியாக இருந்தால் விளக்கிக் காட்டச் சுலபம்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டில் ஒரு கார் பூட்டிக் கிடக்கிறது, கோயில் திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் வரும்போது மட்டும் எடுப்போம். பாலிசி முடிந்து போனதைக் கவனிக்கவில்லை.

முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் போனஸ் நிற்கும், கம்பெனி மாறினாலும் சரிதான். 91-ஆம் நாள் என்றால் ஐம்பது சதவீதமும் பூஜ்யம். வண்டி ஓடவே இல்லை, ஷெட்டில்தான் நின்றது என்று சொல்லிப் பயனில்லை.

90 நாளுக்குள் என்றாலும் இடைவெளி விட்டதால் வண்டியைப் பார்த்த பிறகுதான் பாலிசி தருவார்கள். ஆள் வந்து பார்ப்பார், அல்லது போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் நடக்கும் எதற்கும் காப்பீடு கிடையாது. அந்த நாட்களில் ரோட்டில் எடுத்து மாட்டினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

சிலர் இப்படி நிற்கும் காருக்கு வருஷா வருஷம் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுவைப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பாலிசியில் போனஸ் சேராது. 'ஓடி' பகுதி விட்டுப்போய் 90 நாள் தாண்டிவிட்டால் முன்பு சேர்ந்ததும் கிடைக்காது.

பழைய காரை விற்றுவிட்டுப் புது கார் எடுக்கிறேன். போனஸ் வாங்கினவருக்குப் போய்விடுமா?

போகாது, போகவும் விடாதீர்கள். விற்றவுடன் பழைய கம்பெனியிடம் என்சிபி ரிசர்விங் லெட்டர், அதாவது போனஸை உங்கள் பெயரில் நிறுத்திவைக்கும் கடிதம் கேளுங்கள். கோரிக்கைக் கடிதம், பாலிசி, வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30 நகல், பெயர் மாறிய ஆர்.சி. நகல் அல்லது வண்டியை ஒப்படைத்த ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தக் கடிதம் மூன்று வருஷம் வரை செல்லும். அதற்குள் எடுக்கும் புது காரில், எந்தக் கம்பெனி பாலிசியானாலும், அந்தச் சதவீதத்தை வாங்கிக்கொள்ளலாம். ஷோரூமில் கொடுக்கும் முதல் பாலிசியிலேயே கழிக்கச் சொல்லுங்கள். புது வண்டியின் ஓடி பெரிய தொகை, ஐம்பது சதவீதம் அங்கேதான் கனமாகத் தெரியும்.

பழைய காரையும் வைத்துக்கொண்டே புதியது எடுத்தால், ஒரு போனஸை இரண்டு வண்டியில் காட்ட முடியாது.

பழைய கார் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால்: நடப்புப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, விற்றவர் வாங்கியிருந்த போனஸ் தொகையை மீதமுள்ள நாட்களுக்குக் கணக்குப் போட்டு உங்களிடம் வசூலிப்பார்கள். அது நியாயம்தான்.

அப்பச்சி (அப்பா) தவறிவிட்டார். அவர் கார் இனி என் பெயரில். அவருடைய போனஸ் எனக்கு வருமா?

வரும். உரிமையாளர் இறந்து வண்டி மனைவிக்கோ கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ வந்தால் போனஸும் கூடவே வரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெயர் மாறிய ஆர்.சி., அவர் பெயரில் இருந்த பாலிசி ஆகியவற்றைக் கொடுங்கள். கம்பெனி மாற்றுவதாக இருந்தால் முதலில் பழைய கம்பெனியிலேயே பெயர் மாற்றிவிட்டு அப்புறம் மாற்றுங்கள், சுத்தமாக இருக்கும்.

உயிரோடு இருக்கும்போதே மகனுக்கோ மகளுக்கோ காரை எழுதிக்கொடுத்தால் அப்படி வராது. போனஸ் கொடுத்தவரிடமே நிற்கும்.

இன்னொன்று, நிறுவனத்தின் பெயரில் இருந்த காரை அதில் வேலை பார்த்தவருக்கே மாற்றிக்கொடுக்கும்போது போனஸும் அவருக்குப் போகலாம். போனஸ் சேர்ந்த காலம் முழுவதும் அவர் மட்டுமே ஓட்டிய வண்டி என்று நிறுவனம் கடிதம் தர வேண்டும்.

மலேசியாவில் பல வருஷம் கார் ஓட்டிவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். அங்கே சேர்ந்தது இங்கே செல்லுமா?

இந்தக் கேள்வி வேறு ஊர்களில் அபூர்வம், நம் பக்கத்தில் சகஜம். செல்லும். வெளிநாட்டில் சேர்ந்த போனஸுக்கு ஆதாரம் காட்டினால் இங்கே எடுக்கும் பாலிசியில் கொடுக்கலாம் என்று டாரிஃபிலேயே இடம் இருக்கிறது. அங்கிருந்த பாலிசி முடிந்து மூன்று வருஷத்துக்குள் இங்கே எடுக்க வேண்டும்.

அங்கெல்லாம் இதை என்சிடி (நோ கிளெய்ம் டிஸ்கவுண்ட்) என்பார்கள். சிங்கப்பூரில் வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி 50 வரை போகும், மலேசியாவில் 25-இல் தொடங்கி 55 வரை. இங்கே உச்சம் 50. விமானம் ஏறும் முன்பே அந்தக் கம்பெனியிடம் பெயர், வண்டி எண், காலம், சதவீதம், கிளெய்ம் இல்லை என்ற வரி எல்லாம் உள்ள கடிதத்தை வாங்கிவிடுங்கள். ஊர் வந்த பிறகு கேட்டால் பதில் வரத் தாமதமாகும். ஆன்லைனில் இதற்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. கிளையில் நேரில் கொடுத்துக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் இப்படி ஒரு விதி இருப்பதையே கேள்விப்படாதவராக இருக்கலாம், மேலாளரைப் பாருங்கள்.

புது காருக்கு மூன்று வருஷப் பாலிசி என்று கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமே மாற்றலாமா?

ஓடி பகுதியை மாற்றலாம். 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்று வருஷம் கட்டாயமாக இருப்பது தேர்டு பார்ட்டி மட்டும். ஓடி பெரும்பாலும் ஒரு வருஷம்தான். 2019 செப்டம்பரிலிருந்து ஓடியைத் தனியாக வேறு கம்பெனியில் எடுக்க முடிகிறது. எடுக்கும்போது தேர்டு பார்ட்டி பாலிசி எண்ணையும் அது முடியும் தேதியையும் கேட்பார்கள். போனஸ் ஓடியோடு போகும்.

வீட்டு வாசல் படியில் பம்பர் உரசிவிட்டது. கிளெய்ம் வாங்கலாமா, கையிலிருந்து போடலாமா?

50 சதவீதத்தில் இருப்பவர், ஓடி வருஷத்துக்கு 8,000 என்றே மாறாமல் இருக்கிறது என்று வைத்துப் பார்ப்போம். கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம், 4,000 நஷ்டம். அதற்கடுத்த வருஷம் 20 சதவீதம்தான், 2,400 நஷ்டம். பிறகு 2,000, பிறகு 1,200, பிறகு 400. திரும்ப ஐம்பதுக்கு வந்து சேர்வதற்குள் 10,000 ரூபாய். வண்டி பழசாக ஆக ஓடி குறையும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறைவாக வரும். இது போக ஒவ்வொரு கிளெய்மிலும் 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பங்கு. ஆக, ஆறேழாயிரம் ரூபாய் வேலை என்றால் நான் கிளெய்ம் போடச் சொல்ல மாட்டேன். இருபதாயிரம் என்றால் யோசிக்காமல் போடுங்கள், இன்சூரன்ஸ் எடுத்ததே அதற்குத்தான்.

உங்கள் வண்டி இடித்து அடுத்தவர் தேர்டு பார்ட்டி இழப்பீடு வாங்கினால், அதற்காக உங்கள் போனஸ் குறையாது.

கிளெய்ம் வாங்கினாலும் போனஸ் குறையாமலிருக்கக் கூடுதல் பணம் கட்டி எடுக்கும் போனஸ் பாதுகாப்பு என்ற ஆட்-ஆன் வைத்திருப்பவர்கள், கம்பெனி மாற்றும் முன், புதிய கம்பெனி அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். "கிளெய்ம் இருந்ததா?" என்ற கேள்விக்கு அவர்களும் "ஆம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய கம்பெனி கடிதம் தராமல் இழுத்தடிக்கிறது.

கடிதத்துக்காகப் பாலிசி தேதியைத் தவறவிடாதீர்கள். பழைய பாலிசி நகலையும் உறுதிமொழியையும் வைத்துப் புதியதை எடுத்துவிடுங்கள். பிறகு பழைய கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்திலும் புகார் போடலாம், 155255 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பைக்குக்கும் இதே கணக்கா?

ஆமாம், சதவீதமும் 90 நாளும் அதேதான். ஆனால் பைக்கில் சேர்ந்ததைக் காரில் காட்ட முடியாது. ஒரே வகை வண்டிக்குள்தான் மாற்றலாம்.